லிப்ட் மெக்கானிக்கும் லெப்ட் பேக்கும்



"டிப்ளமோ படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறே?"

இந்தக் கேள்வி காதில் விழாத மாணவன் நம் காலேஜில் ஒருவனாவது இருக்கிறானா? ஊரில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த பழைய ஸ்கூல் நண்பன் வாயால் கேட்காமல் பார்வையாலேயே கேட்பான். ஆனால் என்னிடம் இதை ரொம்பக் கடுமையாகக் கேட்டது வேறு யாருமில்லை. நானேதான்!

நான்காவது செமஸ்டர் நடக்கும்போது, படிப்பை நிறுத்திக்கொள்வதாகப் பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். எழுதி, எலக்ட்ரிகல் மெஷின்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். காரணம் புட்பால். நம் டீமில் நான் லெப்ட் பேக் என்பது கிரவுண்டு பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். வெளியூரில் ஒரு கிளப்பிலிருந்து, 'வந்து ஆடிக் காட்டு, பிடிச்சிருந்தா வச்சிக்கிறோம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினேழு வயசுப் பையனுக்கு இது போதாதா? ஒர்க்‌ஷாப்பும் வேண்டாம், அரியரும் வேண்டாம், இனி பந்துதான் வாழ்க்கை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த லெட்டரை நான் கொடுக்கவில்லை. அதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் என் அப்பா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். இன்னொருவர் நான் பார்த்தே இராத ஓர் அயர்லாந்து ஆட்டக்காரர். பெயர் கிறிஸ் ஹியூட்டன். அப்பாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஹியூட்டன்.

யார் இந்த ஹியூட்டன்?

லெட்டரை எடுத்துக்கொண்டு நான் முதலில் போனது நம் பி.டி. சாரிடம். அவர் 'சரி'யும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. "நீ லெப்ட் பேக்தானே? கிறிஸ் ஹியூட்டன்னு ஒருத்தர் இருக்கார். அவரைப் பத்திப் படிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் படித்தேன்.

ஹியூட்டன் 1958 டிசம்பரில் லண்டனின் கிழக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா கானா நாட்டுக்காரர். அம்மா அயர்லாந்துக்காரர். சின்னப் பையனாக இருக்கும்போதே டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்ற பெரிய கிளப்பின் இளைஞர் அணிக்கு ஆட வந்துவிட்டார். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில், பள்ளிக்கூடம் முடித்த பையன்களில் தேறுகிறவர்களைக் கிளப்பே 'அப்ரண்டிஸ்' ஆக எடுத்துக்கொள்ளும். சீனியர்களின் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே ஆட்டம் கற்க வேண்டும்.

ஹியூட்டனும் அப்ரண்டிஸ் ஆனார். ஆனால் புட்பாலில் இல்லை, நண்பர்களே... லிப்ட் வேலையில்!

ஆமாம், நாம் ஏறி இறங்குகிற அதே லிப்ட்தான். லிப்ட் இன்ஜினியராகப் பயிற்சி எடுத்துக்கொண்டே, கிளப்பில் பகுதிநேர ஆட்டக்காரராக இருந்தார். கூட ஆடியவர்கள் முழுநேரம் பந்தோடு இருந்தபோது இவர் தொழிலையும் விடவில்லை, பந்தையும் விடவில்லை. இருபது வயசு ஆன பிறகு, தொழில் கைக்கு வந்த பிறகுதான், முழுநேர ஆட்டக்காரர் ஆனார். 1979-ல் டாட்டன்ஹாமின் முதல் அணியில் இறங்கினார். அதே வருஷம் அக்டோபர் கடைசியில், அயர்லாந்துக் குடியரசு அணிக்காக அமெரிக்காவை எதிர்த்து ஆடினார். அந்த நாட்டு அணியின் சட்டை போட்ட முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தூக்கி எறியப் பார்க்கிற ஒன்றை அந்த மனுஷன் பத்திரமாக முடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாரே!

லிப்ட் சொல்லிக்கொடுத்த பாடம்

அந்த வருஷக் கோடை லீவில் எனக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் கிடைத்த இடமும் ஒரு லிப்ட் மெயின்டனன்ஸ் கம்பெனிதான். தற்செயல்தான், ஆனாலும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிற மெஷின் ரூமுக்கு ஏறிப் போனேன். (லிப்ட் ரிப்பேர் என்பதால் படியில்தான்!)

நாம் எல்லோரும் லிப்ட் என்றால் மேலே இழுக்கிற மோட்டார் என்றுதான் நினைக்கிறோம். மோட்டார் பாதி வேலைதான் செய்கிறது. கயிற்றின் மறு முனையில் ஒரு பெரிய இரும்பு எடை தொங்குகிறது. கேபினின் எடையும், அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்த எடை. அது இல்லாவிட்டால் மோட்டார் திணறிப் போகும். அடுத்து பிரேக். நம் சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தால்தான் பிடிக்கும். லிப்டில் தலைகீழ். கரண்ட் வந்தால்தான் பிரேக் விடும். கரண்ட் போனால் ஸ்பிரிங் தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதையும் மீறி வேகம் எல்லை தாண்டினால், கவர்னர் என்ற சக்கரம் கண்டுபிடித்து, கேபினுக்கு அடியில் இருக்கிற சேப்டி கியரை இழுத்து, பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்வ வைக்கும். 1854-ல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் மேடையின் மேல் தானே நின்றுகொண்டு, கயிற்றை அறுக்கச் சொல்லி, கீழே விழாமல் நின்று காட்டினார். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் லிப்டை நம்பி ஏற ஆரம்பித்தார்கள்.

அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன், கை முழுக்க கிரீஸோடு, என்னிடம் சொன்னார்: "தம்பி, லிப்ட் மேல போறதைத்தான் எல்லாரும் பாப்பாங்க. கீழ விழாம இருக்கறதை எவனும் பாக்க மாட்டான். நம்ம வேலை ரெண்டாவது."

டிபென்டர் வேலையும் அதுதானே! கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விழாமல் தடுத்தவனுக்கு ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டார்கள். ஹியூட்டன் அயர்லாந்துக்காக 53 ஆட்டம் ஆடினார். போட்ட கோல் ஒன்றே ஒன்று! டாட்டன்ஹாமுக்காக ஏறக்குறைய 400 ஆட்டம் ஆடினார். 1981, 1982 இரண்டு வருஷமும் எப்.ஏ. கப், 1984-ல் யு.இ.எப்.ஏ. கப் ஜெயித்த டீமில் அவர் இருந்தார். 1981 பைனல் என்றால் ரிக்கி வில்லா பலரைத் தாண்டிக்கொண்டு போய்ப் போட்ட கோலைத்தான் இன்றும் பேசுகிறார்கள். பின்னால் நின்றவர்களை யார் பேசுகிறார்கள்?

1988 ஜூன் 12. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரம். ஐரோப்பியக் கோப்பையில் அயர்லாந்து ஆடிய முதல் ஆட்டம், அதுவும் இங்கிலாந்தை எதிர்த்து. ஆறாவது நிமிஷத்தில் ரே ஹௌட்டன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். மீதி 84 நிமிஷமும் இங்கிலாந்து வந்து வந்து மோதியது. கோல் விழவே இல்லை. 1-0. அந்த ஆட்டத்தில் அயர்லாந்தின் லெப்ட் பேக் நம்ம ஹியூட்டன். கோல் போட்ட ஹௌட்டனை அயர்லாந்தில் எல்லோருக்கும் தெரியும். கோலைத் தடுத்த ஹியூட்டனை... பெயரில் கூட எழுத்து மாறித்தான் போகிறது!

1990 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இருந்தது. அயர்லாந்து கால் இறுதி வரை போனது. அவருக்கு ஓர் ஆட்டத்தில் கூட இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று எக்ஸ்ட்ரா பிளேயராகப் போய் வந்த நம் பையன்களைக் கேளுங்கள்.

நிறம் ஒரு தடையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்து மைதானங்களில் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குரங்கு போலக் கத்துவார்கள். வாழைப்பழம் எறிவார்கள். இங்கிலாந்து சீனியர் அணியிலேயே முதல் கறுப்பின ஆட்டக்காரர், விவ் ஆண்டர்சன், 1978 கடைசியில்தான் இறங்கினார். அடுத்த வருஷம் ஹியூட்டன் இறங்கினார். அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அவர் ஓரத்துக் கோட்டை ஒட்டி, கூட்டத்துக்கு மிக அருகில், வாரா வாரம் ஓடினார். லெப்ட் பேக் நிற்கிற இடம் அப்படி. கேலரியில் இருக்கிறவன் சொல்வது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும்.

'நீ எந்த ஊரு, எந்தத் தெரு, உங்க அப்பா என்ன பண்றார்' என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் குரலை மாற்றிக்கொள்கிறவர்களை நமக்கும் தெரியும். அதனால் இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பது வயசில் கிடைத்த நாற்காலி

முழங்கால் அடிபட்டு 1993-ல் ஆட்டத்தை நிறுத்தினார். அதே வருஷம் பழைய கிளப்பான டாட்டன்ஹாமில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே எத்தனை வருஷம் தெரியுமா? பதினாலு! ஆர்டிலஸ், பிரான்சிஸ், கிராஸ், கிரஹாம், ஹாடில், சான்டினி, ஜோல் என்று ஏழு மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் இருந்தார். நாற்காலி காலியாகும்போது 'தற்காலிகமாகப் பார்த்துக்கொள்' என்றார்கள். பார்த்துக்கொண்டார். வேறு ஆள் வந்ததும் எழுந்து இடம் விட்டார். 2007 அக்டோபரில் மார்ட்டின் ஜோலை நீக்கியபோது இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

2008-ல் நியூகாஸில் யுனைடெட் போனார். அங்கேயும் அதே 'தற்காலிகம்'. 2009-ல் அந்த டீம் முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கிவிட்டது. முதலாளி கிளப்பை விற்கப் பார்த்தார். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் கிளம்பினார்கள். அந்த ஜூலையில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் லெய்டன் ஓரியன்ட் என்ற சின்ன கிளப்பிடம் 6-1 என்று தோற்றார்கள். அப்படிப்பட்ட வீட்டைத்தான் இவர் கையில் கொடுத்தார்கள். 2009 அக்டோபரில் ஒருவழியாக 'நிரந்தர மேனேஜர்' என்று அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயசு ஐம்பது.

அந்த சீசன் முடிவில் நியூகாஸில் 102 புள்ளிகளோடு முதலிடம். இரண்டாவது வந்த டீமைவிட 11 புள்ளி அதிகம். சொந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டம் கூடத் தோற்கவில்லை! மறுபடியும் மேல் டிவிஷன். அங்கே போய் 2010 அக்டோபர் கடைசியில் பரம எதிரியான சந்தர்லாந்தை 5-1 என்று அடித்தார்கள். அடுத்த வாரமே ஆர்சனலை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தார்கள்.

டிசம்பர் 6-ம் தேதி ஹியூட்டனை வேலையை விட்டு நீக்கினார்கள். அப்போது டீம் 11-வது இடத்தில் இருந்தது. மேலே வந்த புது டீமுக்கு அது நல்ல இடம். கிளப் சொன்ன காரணம் என்ன தெரியுமா? 'இன்னும் அதிக மேனேஜர் அனுபவம் உள்ள ஒருவர் தேவை'.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். 'அனுபவம்'! நம் சீனியர்கள் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து சொல்கிற அதே வார்த்தை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால், முதல் அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆனால் ஹியூட்டன் விஷயம் அதைவிட மோசம். ஆடியது பதினாலு வருஷம், பயிற்சி கொடுத்தது பதினாறு, பதினேழு வருஷம், விழுந்து கிடந்த டீமைத் தூக்கி நிறுத்தியாயிற்று, அப்புறமும் அனுபவம் போதாது! அப்படியென்றால் அது அனுபவத்தைப் பற்றிய பேச்சே இல்லை என்பது என் கருத்து. ஒருவனை வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்காதபோது சொல்கிற காரணத்துக்குப் பெயர்தான் 'அனுபவம்'.

அவர் கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வேலைக்குப் போனார். பர்மிங்ஹாம் டீமை ப்ளே-ஆப் வரை கொண்டுபோனார். நார்விச் டீமை 2013-ல் 11-வது இடத்தில் முடித்தார். அடுத்த ஏப்ரலில் அங்கேயும் நீக்கப்பட்டார். 2014 டிசம்பர் 31, அதாவது எல்லோரும் புது வருஷத்துக்குக் காத்திருக்கிற நாளில், பிரைட்டன் கிளப்பில் சேர்ந்தார். இரண்டாவது டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்தது அந்த டீம். 2016-ல் மேலே போக வேண்டியவர்கள், 89 புள்ளி எடுத்தும், அதே 89 எடுத்த மிடில்ஸ்பரோவிடம் கோல் வித்தியாசத்தில் பின்தங்கினார்கள். ப்ளே-ஆப்பிலும் தோற்றார்கள். நாமாக இருந்தால் அரியர் விழுந்த மாதிரி படுத்துவிடுவோம். அவர் அடுத்த வருஷமும் அதே வேலையைச் செய்தார். 2017 ஏப்ரல் 17-ல் பிரைட்டன், 34 வருஷத்துக்குப் பிறகு, முதல் டிவிஷனுக்குப் போனது. அடுத்த சீசன் தொடங்கியபோது பிரீமியர் லீக்கின் 20 மேனேஜர்களில் கறுப்பினத்தவர் இவர் ஒருவர்தான்.

2019 மே மாதம், டீமைப் பிரீமியர் லீக்கிலேயே தக்கவைத்தும், சீசன் முடிந்த மறுநாளே, அங்கிருந்தும் அனுப்பப்பட்டார். பிறகு நாட்டிங்ஹாம் பாரஸ்ட். பிறகு அப்பாவின் நாடான கானா. 2022-ல் ஆலோசகராக இருந்தார். 2023 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் மொசாம்பிக்குடன் 2-0 என்று முன்னால் இருந்த ஆட்டம், கூடுதல் நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து 2-2 ஆனது. கானா முதல் சுற்றோடு வெளியேறியது. அவரும் வெளியேற்றப்பட்டார். இதில் யார் மேலும் பழி போட முடியாது. டிபென்டராக இருந்தவர் டீமே கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கியது. விளையாட்டு அப்படித்தான்.

நண்பன் கேட்ட கேள்வி

இதையெல்லாம் ஹாஸ்டலில் சொன்னபோது என் ரூம்மேட் மடக்கினான். "டேய், அவர் திரும்ப லிப்ட் ரிப்பேர் பண்ணவே போகலையே! அப்போ அந்தப் படிப்பு வேஸ்ட்தானே? திறமை இருந்துச்சு, ஜெயிச்சாரு. இதுல லிப்ட் எங்க வந்துச்சு?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். என் பதில் இதுதான்.

லிப்டில் சேப்டி கியர் இருக்கிறது. நல்ல லிப்டாக இருந்தால் அது வேலை செய்ய வேண்டிய சந்தர்ப்பமே வராமல் கூடப் போகலாம். அதற்காக அதை வேஸ்ட் என்று கழற்றி வைப்போமா? அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஜனங்கள் பத்தாவது மாடிக்கு ஏறுகிறார்கள். ஹியூட்டன் கையிலிருந்த தொழில் அவருக்குச் சோறு போட்டதா என்பது முக்கியமில்லை. அந்த வயசில் கிளப் 'வேண்டாம் போ' என்று சொல்லியிருந்தாலும் அவர் நடுத்தெருவில் நின்றிருக்க மாட்டார். பயந்துகொண்டு ஆடுகிறவனுக்கும் பயமில்லாமல் ஆடுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. இது பந்து தொட்டவர்களுக்குத் தெரியும்.

அதே நேரம் இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். 'பாத்தியா, படிப்புதான் முக்கியம், பந்தைத் தூக்கிப் போடு' என்று இதைக் காட்டி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஹியூட்டன் பந்தைத் தூக்கிப் போடவில்லையே! இரண்டையும் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கிளப் இடம் கொடுத்தது, ஒரு தொழில் இடம் கொடுத்தது. நமக்கு அந்த இடம் இருக்கிறதா? மாட்சுக்குப் போனால் அட்டெண்டன்ஸ் போகிறது. ஒர்க்‌ஷாப் முடிந்து வருவதற்குள் கிரவுண்டு இருட்டிவிடுகிறது. எனவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. போட்டிக்குப் போகிற நாட்களுக்கு ஓ.டி. வாங்கித் தாருங்கள். கிரவுண்டில் நாலு விளக்குப் போட அனுமதி வாங்கித் தாருங்கள். வயரிங் செலவு வேண்டாம். எலக்ட்ரிகல் பையன்கள் நாங்களே செய்து தருகிறோம்!

அப்பா சொன்னது

கடைசியாக அப்பா. லெட்டர் விஷயத்தை அவரிடம் சொன்ன அன்று அவர் திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"உன்னை மாதிரி எத்தினி பேர வரச் சொல்லியிருக்காங்க?"

"அறுபது எழுபது பேர் இருக்கும்பா."

"எத்தினி பேர எடுப்பாங்க?"

"தெரியலப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முட்டி போயிடுச்சின்னா மூட்டை தூக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சது மூட்டை ஒண்ணுதான். அதான் தெனம் பயந்துகிட்டே தூக்கறேன். உனக்காவது ரெண்டாவதா ஒண்ணு இருக்கட்டும். அப்புறம் நீ என்ன வேணா ஆடு."

ஹியூட்டனைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு கவளம் சோற்றுக்கு நடுவில் சொல்லிவிட்டார்.

டிரெயினிங்குக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த கிளப்புக்குப் போய் ஆடினேன். நல்லாத்தான் ஆடினேன். எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மறுபடியும் மெஷின் ரூமுக்குப் படி ஏறினேன். அந்த லெட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்தத் திங்கட்கிழமை நான் எங்கே ஏறியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

லெட்டர் இன்னும் ரெக்கார்டு நோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் கிழித்துப் போடுவேன். அடுத்த வருஷமும் செலக்‌ஷனுக்குப் போவேன்.

நீங்களும் யாராவது இந்த மாதிரி ஒரு லெட்டரை மடித்து வைத்திருந்தால், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கிரவுண்டு பக்கம் வாருங்கள். பேசலாம்.



— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை
(கல்லூரி கால்பந்து அணி, லெப்ட் பேக்)